போடாமல் விட்ட மட்டை

பிள்ளைகளே, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். பெரியவள் சத்தமாகப் படிக்கட்டும், சின்னவன் கேட்கட்டும். எழுத்துப்பிழை வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் இடைநிலைப்பள்ளியில் மூன்று வருஷமும் படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டிராக்டர் சாவி வாங்கும் புத்தகத்தில் போடுகிற கையெழுத்து மட்டும்தான்.

தாசேக் ஏரியில் நடந்ததை நீங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். மளிகைக்கடையில் சொன்னீர்கள், பள்ளி பஸ்ஸில் சொன்னீர்கள், கோயில் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரிலேயே சொன்னீர்கள். "எங்க அப்பா தண்ணி மேலயே நடந்து வந்தாரு!" அதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்கள் பார்த்ததைச் சொல்கிறீர்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் கரையில் ஒன்று நடந்தது. அது எனக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்கும் அதன் அர்த்தம் தெரியாது.

உங்கள் சித்தப்பாவை எனக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. உங்கள் அம்மாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் ஒல்லியும் இல்லாமல் குண்டும் இல்லாமல், தெமியாங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஏர்கோன் பழுது பார்க்கிற வேலை செய்துகொண்டிருந்தார். தீபாவளிக்கு வருவார், என்னோடு உட்கார்ந்து முறுக்கு தின்பார், "அண்ணே, டிராக்டர் எப்படி ஓடுது?" என்று கேட்பார். நான் சொல்வேன், அவர் கேட்பார். அப்படி ஒரு சகலை யாருக்குக் கிடைப்பான்?

பிறகுதான் அவர் சிரம்பானில் மலை ஏறுகிற கூட்டம் ஒன்றில் சேர்ந்தார். வயிறு உள்ளே போனது. கால்சட்டையில் பத்து ஜேப்பு வந்தது. காரின் தலைமேல் இரும்புச் சட்டம் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை விடியும் முன்னே நம் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் வந்தது.

"அண்ணே, ஒங்க பக்கத்துல இவ்ளோ அழகான எடம் எல்லாம் இருக்கு, நீங்க யாரும் பாக்கவே மாட்டேங்கிறீங்களே லா!"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக இந்தத் தோட்டத்தின் ஒவ்வொரு காட்டிலும் டிராக்டர் ஓட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றி இறக்கியவன் நான். எனக்கு என் இடத்தைக் காட்ட தெமியாங்கிலிருந்து ஆள் வர வேண்டுமா?

முதல் தடவை உங்களைத் தண்ணீர்த்தொட்டி மலைக்குக் கூட்டிப்போனார். நானும் வந்தேன். மாதம் ஒருமுறை தொட்டி கழுவ ஆட்களை ஏற்றிக்கொண்டு நான் போகிற மலைதான் அது. ஆட்கள் கழுவுவார்கள், நான் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிடுவேன். எந்தப் பக்கம் பார்த்து உட்காருவேன் தெரியுமா? தொட்டியைப் பார்த்து. வெயில் முதுகில் படட்டும் என்று.

அன்றைக்கு உங்கள் சித்தப்பா எல்லாரையும் மறுபக்கம் திருப்பி நிற்க வைத்தார். கீழே பனி. பனி கலையக் கலைய தாசேக் தெரிந்தது. விரித்த கை மாதிரி ஐந்து பிரிவாகத் தண்ணீர் காடுகளுக்குள்ளே போயிருந்தது. விரல் இடுக்கெல்லாம் செம்பனை. நடுவில் நான்கைந்து மரத்தோடு ஒரு சின்னத் திட்டு, தட்டில் வைத்த கொழுக்கட்டை மாதிரி. நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்போது நீ சொன்னாய், மகளே. "சித்தப்பா, இவ்ளோ அழகா இருக்கும்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே."

யாருமே. நான் உனக்குப் பின்னால் இரண்டு அடி தூரத்தில் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அதோடு விட்டதா? மேலே ஒரு பெரிய பறவை இறக்கையை விசிறிக்கொண்டு போனது. பழைய பம்பு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தினமும் காலையில் ஏழாம் நம்பர் காட்டில் நான் பார்க்கிற பறவை. அதை நான் 'பம்புக் குருவி' என்று சொல்வேன், எனக்குள்ளே. உங்கள் சித்தப்பா தொலைபேசியை எடுத்து, தட்டி, "இருவாச்சி! இது இருவாச்சி!" என்றார். சின்னவன் குதித்தான். "சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும்!" பறவை என்னுடையது, பேர் மட்டும் அவருடையது. குதிப்பு அவருக்குப் போய்விட்டது.

இறங்கி வரும்போது ஒன்று நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? சித்தப்பா கார் ஓட்டினார். ஒன்பதாம் நம்பர் வளைவில் பாதையின் குறுக்கே ஒரு பச்சை மட்டை கிடந்தது. அவர் அதன்மேல் ஏற்றிப்போகப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினீர்கள்.

"நிறுத்துங்க சித்தப்பா! மட்டை! மட்டை!"

பிரேக் போட்டு அவர் முழித்தார். நான் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தேன். தோட்டத்தில் பாதை எங்கேயாவது உடைந்திருந்தாலும், பாலத்துக் கட்டை உளுத்திருந்தாலும், குளவி கலைந்திருந்தாலும், முதலில் அதைப் பார்த்தவன் ஒரு செம்பனை மட்டையை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவசரம் என்று சொல்லக்கூடாது. என் வேலை இல்லை என்று சொல்லக்கூடாது. பார்த்தவன் போட வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு குலை வெட்டுக்காரர் இடிந்த கால்வாயைப் பார்த்துவிட்டுச் சும்மா போனார். பின்னால் மோட்டாரில் வந்தவருக்குத் தோள்பட்டை உடைந்தது. நான்தான் அந்த வெட்டுக்காரரை எல்லார் முன்னாலும் பிடித்துக் கேட்டேன். "கண்ணு இருந்திச்சில்ல? கையில கத்தி இருந்திச்சில்ல? ஒரு மட்டை வெட்டிப் போட ஒனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" அவர் தலையைத் தூக்கவே இல்லை.

இதையெல்லாம் காரில் சொல்லி முடித்தேன். நீங்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தீர்கள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உங்கள் சித்தப்பா இறங்கிப்போய் மட்டைக்கு அப்பால் பாதையில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். "சூப்பர் லா அண்ணே, இந்த மாதிரி ஒரு சிஸ்டம் டவுன்ல கூட இல்ல!" என்று சொல்லி மட்டைக்குப் பக்கத்தில் உங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். சாயந்திரத்துக்குள் அவருடைய கூட்டத்தில் எழுபது பேர் அதைப் பார்த்துவிட்டார்கள் என்றார். என் மட்டையும் அவர் படமாகிவிட்டது.

இரண்டாவது தடவை மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற அருவி. எனக்கு அந்த ஞாயிறும் வேலை. வேலை முடிந்து வந்து பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் ஈரத் தலையோடு, கால் எல்லாம் அட்டைக் கடியோடு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தீர்கள். சித்தப்பா பாறையில் சறுக்கினது, சித்தப்பா தண்ணீருக்கடியில் மூச்சுப் பிடித்தது, சித்தப்பா மேகி அவித்தது. சாப்பாட்டுத் தட்டில் இருந்த மீன் ஆறிப்போனது. சின்னவனே, நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அப்பா, நான் தெமியாங்ல போயி இருக்கட்டா?"

நான் சிரித்தேன். எழுந்து போய் டிராக்டருக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் யார் டிராக்டருக்குக் கிரீஸ் போடுவார்கள்?

உங்கள் அம்மா பின்னாலேயே வந்தாள். "என்னங்க, வாயி சிரிக்குது, மூஞ்சி வேற என்னமோ சொல்லுது."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமயா செருப்ப மாத்திப் போட்டுட்டு நிக்கிறீங்க? என் தங்கச்சி புருசன் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போறாரு. நல்லதுதான? நீங்களும் கூட்டிட்டுப் போங்களேன், யாரு வேணாம்னா?"

அது சரியான யோசனை என்று எனக்குப் பட்டது. அடுத்த ஞாயிறு உங்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போனேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். தூண்டில் முள்ளை வீட்டில் மறந்தேன். திரும்பிப் போய் எடுத்து வந்தால் மழை. மழை விட்டால் செவ்வெறும்பு. பெரியவளே, நீ பொறுமையாகத்தான் இருந்தாய். சின்னவன் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு, "சித்தப்பா இருந்தா நல்லா இருக்கும் லா" என்றான். தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளித்தான் உங்களை உட்கார வைத்திருந்தேன். தூண்டில் கயிறு தண்ணீரைத் தொட்டதே பெரிய காரியம். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் தாசேக்கை நான் உங்களுக்கு எப்போதும் எட்டத்திலிருந்தே காட்டினேன். "கிட்ட போவாதீங்க, ஆள இழுத்துரும்" என்று சொல்லியே வளர்த்தேன்.

இப்போது அந்தத் தாசேக்கைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

அது அணை கட்டி மறித்ததால் வந்த தண்ணீர். நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே நிறைந்துவிட்டது. அடியில் இருப்பது பழைய ரப்பர் காடு. மரங்களை ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்டு அப்படியே தண்ணீர் ஏறவிட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து தண்ணீர் இறங்கிப்போனதே, அப்போது நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் இறைக்கிற குழாய் சேற்றுக்குள் கிடந்தது. அதை இழுத்து வர என்னையும் டிராக்டரையும் அனுப்பினார்கள். கரையிலிருந்து அந்த நடுத்திட்டு வரைக்கும் பழைய தோட்டத்துப் பாதை வெளியே வந்திருந்தது. கல் போட்டு, தரையைவிட இரண்டு முழம் உயர்த்திக் கட்டிய செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். அதற்கு அப்பால் வரிசை வரிசையாகக் கறுத்த மரக்கட்டைகள், முனையெல்லாம் கூராக.

புதுப்பாதை என்றால் நாங்கள் முதலில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவோம். நானும் அப்படியே கடைசி வரைக்கும் நடந்தேன். பிறகு குழாயை இழுக்க ஏழு தடவை போய் வந்தேன். பட்ட மரம் ஒன்று நிற்கிறதே, அது வரை நேராகப் போகும். அங்கே இடது பக்கம் வளையும். பிறகு மழை வந்தது, எல்லாம் திரும்பவும் மூடிக்கொண்டது. கட்டைகளின் முனை தண்ணீருக்கு ஒரு சாண் அடியில் நின்றுவிட்டது. அது அங்கே இருக்கிறது என்று தோட்டத்தில் நான்கு பேருக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

மூன்றாவது தடவை உங்கள் சித்தப்பா கார் தலைமேல் இரண்டு படகோடு வந்தார். கயாக் என்று நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஒன்று நீலம், அவருக்கு. இன்னொன்று ஆரஞ்சு, இரண்டு பேர் உட்காருகிறது, உங்களுக்கு. உங்கள் சித்தியும் அம்மாவும் பாய் விரித்து சாமானை இறக்கினார்கள். உங்களுக்கு மிதக்கிற சட்டை போட்டு, ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கரை ஓரமாகவே ஒரு மணி நேரம் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு குறை.

நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. "சித்தப்பா, இங்க பாருங்க! சித்தப்பா, நான் திருப்பிட்டேன்! சித்தப்பா!" தண்ணீரில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்போது அவர் நீலப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தார். நடுத்திட்டைக் காட்டினார்.

"அண்ணே, பிள்ளைங்கள அந்தத் திட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போலாம்னு பாக்குறேன். ஒங்களுக்குத்தான் இந்த எடம் நல்லா தெரியும். அந்தப் பக்கம் தண்ணி எப்படி?"

என்னிடம் கேட்டார், பிள்ளைகளே. நேராக, மரியாதையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு வார்த்தை போதும். "கட்டை இருக்கு, போவாதீங்க." அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பின்னால் சின்னவன் கூப்பிட்டான், "சித்தப்பா, சீக்கிரம்!" வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

நான் சொன்னேன், "ஏன், ஒங்க போன்ல பாருங்களேன். அதுலதான் எல்லாம் தெரியுமே."

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நிஜமாகவே தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். "எல்லாம் நீலமா இருக்கு அண்ணே, ஒண்ணும் இல்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போனார்.

நான் என்ன நினைத்தேன்? ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் விழுவீர்கள் என்று நினைக்கவில்லை. அவருடைய நீலப் படகு முதலில் போகும், கட்டையில் ஏறி மாட்டிக்கொள்ளும், அவர் முன்னேயும் பின்னேயும் ஆட்டிக்கொண்டு அசடு வழிவார், நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள், நான் கரையிலிருந்து "அங்க கட்டை இருக்குன்னு தெரியாதா?" என்று கேட்பேன். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு நாளைக்காவது அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆனால் நீலப் படகு லேசானது, ஒரு ஆள் மட்டும். கட்டைகளுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்த உங்கள் படகுதான் ஏறியது. நடுவயிறு கட்டைமேல் உட்கார்ந்தது. பெரியவளே, நீ துடுப்பால் தள்ளினாய். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நின்றது, பிறகு கவிழ்ந்தது.

தண்ணீரில் இரண்டு சிவப்புச் சட்டை மேலே வந்தது. சின்னவன் படகைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ அழவில்லை, மகளே. "கால் மாட்டிக்கிச்சு! சித்தப்பா, கால் மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாய். அவர் படகைத் திருப்பினார். திருப்பின வேகத்தில் அவரும் இரண்டு கட்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டார். அம்மாவும் சித்தியும் கரையில் நின்று அலறினார்கள்.

நான் ஓடினேன். தண்ணீருக்குள் இல்லை, முதலில் கரையோரமாக, பழைய பம்பு மேடை வரைக்கும். பாதை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. அங்கே இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. காலடியில் கல் இருந்தது. கல் இருக்கிற வரைக்கும் நடந்தேன். பட்ட மரத்தைப் பார்த்து நேராக. ஒரு தடவை வலது கால் சரிந்து கால்வாய்க்குள் போனது, தண்ணீர் வாய்க்குள் வந்தது. திரும்ப இழுத்துக்கொண்டேன். பட்ட மரத்தில் இடது பக்கம் திரும்பினேன். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நட்ட நடுத் தாசேக்கில் ஒரு ஆள் நடந்து போகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

பாதை ஓரத்துக்கும் உனக்கும் ஒரு துடுப்பு நீளம் இருந்தது. மிதந்துகொண்டிருந்த துடுப்பை எடுத்து நீட்டினேன். நீ பிடித்தாய். நீ என்னைப் பார்த்த பார்வைக்குத்தான் நான் இத்தனை வாரமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். "அப்பா!" என்றாய். சித்தப்பா என்று சொல்லவில்லை. அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன், பாரேன். உன்னை இழுத்தேன். கட்டை உன் காலை விட்டது, ஆனால் கிழித்துவிட்டுத்தான் விட்டது. பிறகு சின்னவனையும் அதே துடுப்பால் இழுத்து, இரண்டு பேரையும் பாதைமேலேயே கரைக்குக் கொண்டுவந்தேன்.

கிளினிக்கில் ஆறு தையல். முழங்காலுக்குக் கீழே அந்தத் தழும்பு இப்போது உனக்கு இருக்கிறது. பள்ளியில் எல்லாருக்கும் அதைக் காட்டி அப்பா கதை சொல்கிறாய்.

கிளினிக் வாசலில் உங்கள் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் தப்புதான் அண்ணே. நான் முன்னாடியே போயி பாத்துட்டு வந்திருக்கணும். நீங்க இல்லைன்னா..." நான் அவர் தோளைத் தட்டி, "விடுங்க, விடுங்க" என்றேன். பெரிய மனிதன் மாதிரி மன்னித்தேன். என்னவோ அவர்தான் தப்புச் செய்தவர் மாதிரி.

நான்கு நாள் எனக்கு இனித்தது. கடையில் டீ வாங்கப் போனால் "என்னா அண்ணே, தண்ணி மேல நடக்கிறீங்களாமே, நமக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேலி செய்தார்கள். வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் டிராக்டரில் ஏறும்போது என் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி நடித்தார். சின்னவன் தினமும் இரவுச் சாப்பாட்டில் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னான். நானும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாதை கொஞ்சம் நீண்டது, தண்ணீர் கொஞ்சம் ஆழமானது.

பிறகு அவர் வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாரன் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அம்மா தங்கச்சிக்குப் போன் செய்தாள். பேசிவிட்டு வந்து சொன்னாள், "அவரு இனிமே பிள்ளைங்கள கூப்பிட மாட்டாராம். பயந்துட்டாரு. படகு ரெண்டையும் வித்துட்டாராம்."

சின்னவன் அடுத்த ஞாயிறும் விடியும் முன்னே எழுந்து காலணி எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பா வாங்கிக் கொடுத்த காலணி. பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் டிவி பார்த்தான். நீ ஜன்னல் பக்கம் தையல் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "அப்பா, சித்தப்பா மேல நீங்க கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாய்.

"இல்ல மா" என்றேன்.

"அப்ப ஏன் அவர வரச் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, பிள்ளைகளே. ஹாரன் நின்றது. "சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்பது நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீங்கள் எனக்கே எனக்கு. நீங்கள் டிவி பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

அன்றைக்கு நான் அந்த வெட்டுக்காரரைக் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. கண் இருந்ததல்லவா. எனக்குக் கத்திகூட வேண்டியிருக்கவில்லை, வாய் மட்டும் போதும். அவராவது பார்க்காத மாதிரி போனார். என்னை ஒரு ஆள் நின்று கேட்டார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கோபப்பட்டால் படுங்கள். தழும்பைக் காட்டிக் கதை சொல்கிறபோது இனிமேல் முழுக்கதையும் சொல்லலாம், நான் தடுக்க மாட்டேன். உங்கள் சித்தப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு தடவை போன் போட்டேன். இரண்டு தடவையும் டிராக்டர் டயரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தில் வருகிறது, வாயில் வரவில்லை. அவரை வரச் சொல்லுங்கள். வந்தால் நீங்கள் திரும்பவும் "சித்தப்பா, சித்தப்பா" என்று அவர் பின்னாலேயே போவீர்கள். எனக்குத் திரும்பவும் எரியும். அது போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எரிந்தால் எரியட்டும், நான் டிராக்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை நான் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தேனே, சட்டையெல்லாம் ஈரம், ஏன் என்று அம்மா கேட்டாள், மழை என்றேன். அன்றைக்கு மழை இல்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் மூங்கில் ஆறு வெட்டி, ராஃபியா கயிறும் எடுத்துக்கொண்டு, பழைய பம்பு மேடைக்குப் போனேன். டிராக்டரைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். கல்லைக் காலால் தடவிக்கொண்டே பட்ட மரம் வரைக்கும் நடந்தேன், அங்கே இடது பக்கம் திரும்பினேன். கை எட்டுகிற கட்டைகளில் ஒவ்வொரு மூங்கிலாக நிமிர்த்தி இறுக்கிக் கட்டினேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு மூங்கில், ஆறு நடை. பிறகு கரை ஏறி, பக்கத்துச் செம்பனையிலிருந்து ஆறு பச்சை மட்டை வெட்டி, முள்ளைச் சீவி, தோளில் வைத்துக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்குள் நடந்து போய், ஒவ்வொரு மூங்கிலின் தலையிலும் ஒரு மட்டையைக் குறுக்கே வைத்துக் கட்டினேன்.